ஏழாம் நம்பர் தோல்

மிருதுளாவின் தோல் சிவந்தால் இந்த நாட்டில் ஒரு முகப்பூச்சு கடைக்கு வராது. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் விஷயம் அதுதான். திருச்சி தில்லை நகரில் மாமியார் வீட்டு மாடியில் குடியிருந்த அந்த முப்பது வயதுப் பெண்ணுக்கு அரசாங்கமே அப்படி ஓர் அதிகாரத்தை எழுதிக் கொடுத்திருந்தது.

அதற்கு முன்னால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிறந்த வீட்டில் அவளுக்கு வைத்த பெயரே 'ஒத்துக்காத உடம்பு'. பவுடர் போட்டால் கழுத்து தடிக்கும். மை இட்டால் கண் வீங்கும். ஒட்டுப் பொட்டு வைத்தால் மறுநாள் நெற்றியில் அதே அளவில் செக்கச்செவேல் என்று இன்னொரு பொட்டு இருக்கும். ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவில் முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டு மேடை ஏறியவளை, பாட்டு முடிவதற்குள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கல்யாணத்தன்றும் முகத்தில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் படவில்லை. போட்டோக்காரர் கோகுலைத் தனியே கூப்பிட்டு, பொண்ணுக்கு ஜுரமா என்று விசாரித்தார். கோகுல் நல்ல மனுஷன், எனக்குத்தான் ஜுரம் என்று சொல்லிச் சமாளித்தான்.

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. சோப்பு, கிரீம், சாயம், பொட்டு, நகப்பூச்சு என்று மனிதத் தோலில் படுகிற எதுவாக இருந்தாலும் கடைக்கு வருமுன் பன்னிரண்டு பேர் தோலில் தேற வேண்டும். ஆளைக் கூப்பிட்டு மூஞ்சியில் பூசிப் பார்க்கிற வேலையெல்லாம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கையின் உட்புறத்திலிருந்து துவரம்பருப்பு அளவு தோலும் ஒரு குப்பி ரத்தமும் எடுப்பார்கள். அதை வளர்த்து ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வட்டங்களாக்குவார்கள். இந்தச் சோதனையை நடத்துகிற அரசாங்கச் சான்றகத்தில் வேலை செய்பவர்கள் அதை அப்பளம் என்பார்கள். அப்பளத்தில் ஒரு சொட்டு விட்டால், ஒத்துக்கொண்டால் வெள்ளையாகவே இருக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் சிவக்கும். சிவந்தது எந்தச் சரக்கினால் என்பதையும் மெஷின் புட்டுப்புட்டு வைத்துவிடும். பன்னிரண்டும் வெள்ளையாக இருந்தால்தான் பாக்கெட்டில் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளி அச்சடிக்கலாம். புள்ளி இல்லாத பாக்கெட்டை எந்தக் கடைக்காரரும் தொடுவதில்லை.

அந்தப் பன்னிரண்டு பேருக்குச் 'சாட்சி' என்று பெயர். மிருதுளா ஏழாம் நம்பர் சாட்சி. மற்ற பதினொன்றும் சும்மா இருந்தாலும் ஏழு மட்டும் சிவந்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் மத்தியில் அவளுக்கு ஏகப்பட்ட கெட்ட பெயர். யார் அந்த ஏழு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னவெல்லாம் நடக்குமோ என்றுதான் சாட்சிகளின் பெயரை ரகசியமாக வைத்திருந்தார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று சான்றகத்தின் டாக்டர் ஜெசிந்தா அவளை உட்கார வைத்துப் பேசினாள். உயரமான, சிரித்தால் ஈறு தெரிகிற மனுஷி.

"உங்க ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க மிருதுளா. எல்லார் ரத்தத்திலேயும் இருக்காங்க. மத்தவங்களோட ஆளுங்க பாதி நேரம் தூங்குவாங்க. உங்க ஆளுங்க பூனை குறுக்கே போனாக்கூட விசில் அடிப்பாங்க. அந்த விசில் எங்களுக்கு வேணும்."

அத்தனை வருஷமாகத் திட்டு வாங்கின உடம்பைப் பார்த்து ஒருத்தி இது எங்களுக்கு வேணும் என்கிறாள். மிருதுளாவுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கோகுலிடம் சொன்னபோது மறுபடியும் அழுதாள்.

வீட்டில் இந்த விஷயம் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று கோகுல். இன்னொன்று அவள் மாமியார் உமாமகேஸ்வரி. இந்த அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை மனசு, ஆனால் வாயில் ஒரு விஷயம் தங்காது. யார் வீட்டில் புதுச் சலவை மெஷின் வாங்கினாலும் உறையூர் முதல் ஓசூர் வரை சொந்தக்காரர்களுக்கெல்லாம் அரை மணியில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவள் ஏழாம் நம்பர் விஷயத்தை மட்டும் மூன்று வருஷமாக மூச்சு விடவில்லை. அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். குடும்ப ரகசியத்துக்குத்தான் அவளிடம் பாதுகாப்புக் கிடையாது.

அது மிருதுளாவுக்குத் தெரிந்தது பட்டுத்தான். வேலையில் சேர்வதற்கு முன்னால் இரண்டு தடவை அவளுக்கு நாள் தள்ளிப் போயிற்று. முதல் தடவை நாற்பதாவது நாளே உமாமகேஸ்வரி போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். 'எங்க மிருது முழுகாம இருக்கா' என்று ஒருத்தர் விடாமல் சொன்னாள். அடுத்த வாரமே எல்லாம் முடிந்துபோயிற்று. இரண்டாம் தடவை, கொஞ்ச நாள் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டும், ஒரே ஒருத்தரிடம் சொன்னாளாம். அந்த ஒருத்தர் ஊருக்கே சொன்னார். அதுவும் தங்கவில்லை. டாக்டர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மிருதுளா மனசுக்குள் ஒரே காரணத்தைத்தான் வைத்திருந்தாள். கண்ணு பட்டுப் போயிற்று. மாமியாரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து மாடிப்படி இறங்கும்போதே பேச்சை அளந்துகொண்டு இறங்கப் பழகிவிட்டாள்.

ஆகவே மூன்றாம் தடவை நாள் தள்ளியபோது அவளும் கோகுலும் பூஜை அலமாரி முன்னால் நின்று ஒரு முடிவெடுத்தார்கள். மூன்று மாதம் முழுசாக முடிகிற வரை ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. ஸ்கேனுக்குக்கூட அப்புறம்தான். நல்லவேளையாக வாந்தி, மயக்கம் எதுவும் இல்லை, காட்டிக் கொடுக்க ஆளே இல்லை.

நாற்பத்தைந்தாவது நாள் சான்றகத்தில் தோல் எடுக்கும் முறை வந்தது. எடுப்பதற்கு முன் நர்ஸ் ஒரு படிவத்தை வாசித்துக் கேள்வி கேட்பாள். சளி உண்டா, காய்ச்சல் உண்டா, புது மாத்திரை ஏதாவது உண்டா என்று மளமளவென்று போகும். பதினாலாவது கேள்வி, கர்ப்பமா. அந்த நர்ஸுக்கு உறையூர். உமாமகேஸ்வரியின் பிறந்த வீடும் உறையூர். இரண்டு பேரும் ஒரே கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறவர்கள்.

"இல்லை" என்றாள் மிருதுளா.

துவரம்பருப்பு அளவு தோல்தானே, அதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று நினைத்தாள். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்காகச் சொல்லும் பொய்யை எந்தச் சாமியும் கணக்கில் வைக்காது என்றும் நினைத்தாள். பாவம், அவள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அந்தப் படிவத்தை யாரும் காரணமில்லாமல் எழுதி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் தாராளமாக சென்ட் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மிருதுளா வழக்கம்போல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கழுத்தில் எப்போது அரிப்பு ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது, அரிப்பு வரவில்லை. மறுநாள் சந்தேகத்துக்குக் கோகுலின் ஷேவிங் கிரீமை மணிக்கட்டில் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அதற்கும் மறுநாள் கடைக்குப் போய் ஒரு மை டப்பா வாங்கினாள்.

ஐயோ, அந்த ஆனந்தத்தை என்ன சொல்ல! முப்பது வயதில் முதல் தடவையாக அவள் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். உதட்டுச் சாயம் வாங்கினாள். நகப்பூச்சு வாங்கினாள். பிள்ளை செய்கிற மாயம் இது என்று அவளுக்குப் புரிந்தது, ஆனால் அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. மாமியார் கேட்டதற்கு டாக்டர் புது மருந்து கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

எழுபத்தெட்டாவது நாள் வைஷாலிக்குக் கல்யாணம். வைஷாலி கோகுலின் சித்தப்பா பெண், மிருதுளாவிடம் உயிரையே வைத்திருப்பவள். அவளுக்கும் கொஞ்சம் 'ஒத்துக்காத உடம்பு'தான், மிருதுளா அளவுக்கு இல்லை. மண்டபத்தில் அலங்காரம் செய்ய வந்த பெண்ணிடம் மிருதுளாவும் முகத்தை நீட்டினாள். ஒரு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது கோகுல் அடையாளம் தெரியாமல் இரண்டு நிமிஷம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வைஷாலி நெற்றியில் அன்று வைத்தது கடைக்கு அப்போதுதான் வந்திருந்த கல் பதித்த ஒட்டுப் பொட்டு. இரண்டு நாளானாலும் விழாதாம். பாக்கெட்டில் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளியும் வரிசையாக இருந்தன. வைஷாலி புள்ளிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நெற்றியைக் காட்டினாள்.

மறுநாள் பகல் மறுவீட்டு விருந்து. மிருதுளா போய்ச் சேர்ந்தபோது இலை போட்டிருந்தார்கள், யாரும் உட்காரவில்லை. உள்ளறையில் வைஷாலி கட்டிலில் கிடந்தாள். நெற்றி முழுக்கச் சிவந்து புடைத்து, இமைகள் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. நீர் கோத்துக் கொப்புளம் வேறு. டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். வீக்கம் வடிந்துவிடும், ஆனால் பொட்டு இருந்த இடத்தில் நிறம் போய் வெள்ளையாகத் தழும்பு நிற்கலாம் என்று சொன்னாராம்.

அதைவிட மோசமானது வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கையில் அந்தப் பொட்டுப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பன்னிரண்டு வெள்ளையும் இருக்கிற சாமானில் கோளாறு இருக்க முடியுமா, அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். பெண்ணுக்கு ஏற்கெனவே ஏதோ தோல் வியாதி, மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டவர்கள் சொல்லிக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பொண்ணு கொஞ்ச நாள் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், வர ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் பேசிக்கலாம் என்று முடித்தாள் சம்பந்தியம்மா.

வைஷாலி மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, ஏழாம் நம்பரே வெள்ளைன்னு போட்டிருக்காங்க. அப்ப எனக்குத்தான் என்னமோ இருக்கா?"

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தபோதுதான் மிருதுளா ஒரு மாதமாக யோசிக்காத மீதியை யோசித்தாள். என் கழுத்து அரிக்காவிட்டால் அப்பளமும் அரிக்காது. என் காவல்காரர்கள் தூங்கினால் மெஷினில் இருக்கிறவர்களும் தூங்குவார்கள். பிள்ளை செய்த மாயத்தில் தான் மை இட்டுக்கொண்டு சிரித்த அதே நாளில், எத்தனை சாமானுக்கு அவள் தோல் தலையாட்டியதோ.

திங்கட்கிழமை காலையில் சான்றகத்துக்குப் போனாள். மூன்று மாதம் முடியப் பதினோரு நாள் பாக்கி. படியேறும்போது பதினோரு நாள் பொறுத்தால் என்ன என்று ஒரு மனசு கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள்தான் என்று இன்னொரு மனசு சொன்னது.

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். மிருதுளா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். சொன்னதும் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஜெசிந்தா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. தன் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தாள்.

"இந்தத் தடவை உங்க அப்பளத்துல நாற்பத்தொரு சாமான் போட்டோம். எப்பவும் அஞ்சுல ஒண்ணு சிவக்கும். இந்தத் தடவை நாற்பத்தொண்ணும் வெள்ளை. நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? கம்பெனிக்காரங்க திருந்திட்டாங்கன்னு கேக் வெட்டினோம்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அந்தப் பொட்டுக்கு ஏற்கெனவே மூணு புகார் வந்துச்சு. மூணு பொண்ணுங்களுக்கும் நான்தான் பதில் எழுதினேன். பொருள்ல குறை இல்லை, உங்க தோலைப் பரிசோதிச்சுக்குங்கன்னு."



"ஏன் டாக்டர் அப்படி ஆகுது?"

"குழந்தையும் உடம்புக்கு வேத்தாள்தானே. பாதி அப்பாவோடது. காவல்காரங்க விசில் அடிச்சு விரட்டிடக் கூடாதுன்னு உடம்பு அவங்களைச் சும்மா இருங்கடான்னு அடக்குது. எல்லாருக்கும் இப்படி முழுசா அடங்காது. உங்களுக்கு அடங்கியிருக்கு."

மிருதுளா கையை எடுக்கவில்லை. "அப்ப அந்த ரெண்டு தடவை அடங்கலையா?"

"இருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். ஆனா யாரோ போன் பண்ணிச் சொன்னதால போகலை. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

மிருதுளா தலையாட்டினாள். நம்பித் தலையாட்டினாள் என்று சொல்ல முடியாது.

நாற்பத்தொரு சாமானின் புள்ளியையும் ரத்து செய்ய வேண்டும், அதை டிவியில் அறிவிக்க வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும், விதி அப்படி என்றாள் ஜெசிந்தா. மிருதுளாவுக்கு அந்தச் செய்தி கண்முன் ஓடியது. ஏழாம் நம்பர் சாட்சி கர்ப்பம். உமாமகேஸ்வரியின் போன் எட்டாத வீட்டுக்கெல்லாம் அது எட்டும். உலகத்தில் எந்தப் பெண்ணும் முழுகாமல் இருப்பதை இத்தனை கோடிப் பேருக்குச் சொல்லியிருக்க மாட்டாள், அதுவும் பதினோரு நாள் முன்னதாக.

"சொல்லுங்க டாக்டர்" என்றாள் கடைசியில். "அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்துட்டு வந்தேன். என் வேலையே போனாலும் பரவாயில்லை. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க காரணம் கேட்டதாலதான் நான் பொய் சொன்னேன். இந்த மாசம் என் தோலை விட்டுடுங்கன்னு மட்டும் சொல்ல ஒரு இடம் இருந்திருந்தா அதுல டிக் பண்ணியிருப்பேன்."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தன் மகன் வயிற்றில் இருந்தபோது இதே கட்டடத்தில் ஐந்தாவது மாதம் வரை துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வேலை பார்த்த கதையைச் சொன்னாள். படிவத்தில் பதினாலாவது கேள்வியை எழுதியதே நான்தான் என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு உமாமகேஸ்வரி வீட்டுக் கூடத்தில் நடந்தது, குடும்பத்தில் மூத்தவள் அவள்தானே. வைஷாலியின் அம்மா அழுது அழுது குரலே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா அந்தப் பாக்கெட்டை மறக்காமல் கொண்டு வந்திருந்தாள். வைஷாலிக்கு வீக்கம் வடிந்துவிட்டது, நெற்றியின் நடுவே வட்டமாக ஒரு வெளிறல் நின்றது. யார் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாரும் சுவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஜெசிந்தா வந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தாளை வாசித்தாள். ஏழாம் நம்பர் சாட்சி கடந்த முறை சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. ஆகவே அந்த முறை தேறிய நாற்பத்தொரு பொருள்களின் புள்ளிகளும் ரத்தாகின்றன. பட்டியலில் மூன்றாவது, கல் பதித்த ஒட்டுப் பொட்டு. ஏழாம் நம்பரின் பழைய அப்பளத்தில் மறுபடி சோதித்துக் கண்டுபிடித்த, அதன் பசையில் இருந்த சரக்கின் பெயரையும் வாசித்தாள். பாதிக்கப்பட்ட பெண்கள் யார் தோலிலும் எந்தக் குறையும் இல்லை, அப்படிப் பதில் எழுதியது எங்கள் தவறு, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம் என்றாள். இனிமேல் எந்தச் சாட்சியும் காரணம் சொல்லாமலே ஒதுங்கிக்கொள்ளலாம் என்றும் முடித்தாள். அவ்வளவுதான், விளம்பரம் வந்துவிட்டது.

சம்பந்தியம்மா பாக்கெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். மாப்பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்தான். எழுந்து போய் வைஷாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், ஒரு வாரம் முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம். வைஷாலி அவனைப் பார்க்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டாள்.

கூடத்துக்கு உயிர் வந்தது. எல்லாரும் ஏழாம் நம்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சாட்சி சொல்லும் நிலையில் இல்லையாமே, செத்துகித்துப் போய்விட்டாளா என்றார் ஒரு மாமா. கம்பெனிக்காரன் கடத்தியிருப்பான் என்றார் இன்னொருவர். ஏதாவது புது மருந்து சாப்பிட்டிருப்பாள் என்றாள் வைஷாலியின் அம்மா.

உமாமகேஸ்வரி மிருதுளாவைப் பார்த்தாள். கண்ணில் இருந்த மையைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், மடியில் கோத்து வைத்திருந்த கைகளைப் பார்த்தாள். புது மருந்து என்று தனக்குச் சொன்ன கதையும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். உறையூரிலிருந்து ஓசூர் வரை தெரிந்த அத்தனை வாயும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தது, போன்கூடத் தேவையில்லை.

உமாமகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"காபி யாராருக்கு வேணும்?" என்று கேட்டாள். எழுந்து விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

மிருதுளா பின்னாலேயே போனபோது அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுத் தீயைப் பற்ற வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீ ஏன் நிக்கிறே, உக்காரு என்று முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

அன்றிலிருந்து மூன்று மாதம் முடிய ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அந்த வீட்டுப் போனுக்கு என்ன வந்ததோ என்று சொந்தக்காரர்கள் கவலைப்பட்டிருப்பார்கள். உமாமகேஸ்வரி யாரையும் கூப்பிடவில்லை. வந்த அழைப்புகளுக்கும் தொண்டை கட்டியிருக்கு என்று சொல்லி வைத்துவிட்டாள். மாடிக்கு இரண்டு வேளை சாப்பாடு போயிற்று, கேள்வி எதுவும் போகவில்லை.

ஆறாம் நாள் காலையில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு கோகுலும் மிருதுளாவும் நேராக மாமியாரிடம் வந்தார்கள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்து கொண்டு வந்திருந்தார்கள். உமாமகேஸ்வரி அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாள். நாலாவது தடவைக்குக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டாள்.

மிருதுளா மாமியாரின் போனை எடுத்து அவள் கையில் வைத்தாள். "மூணு மாசம் முடிஞ்சிடுச்சு அத்தை. இனி யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க."

உமாமகேஸ்வரி பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். கீழே வரை தள்ளிப் பார்த்தாள், மேலே வரை தள்ளிப் பார்த்தாள். பிறகு போனைச் சோபாவில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"என்ன அவசரம். இன்னும் ஒரு மாசம் போகட்டுமே."

கோகுல் சிரித்துவிட்டான். யாரு, நீயாம்மா இப்படிச் சொல்றது என்று கேலி செய்தான்.

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா மூத்தது இப்ப எல்.கே.ஜி. போயிருக்கும்டா" என்றாள்.

மிருதுளாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தான் பெருந்தன்மையாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். படியிறங்கும்போது அளந்த ஒவ்வொரு பேச்சையும், சொல்லாமல் மறைத்த ஒவ்வொரு நாளையும் இந்த அம்மாள் ஒரே அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த அர்த்தம் சரியும்கூட. அதை நினைக்க நினைக்க மிருதுளாவுக்கு வெட்கமாக இருந்தது.

"அதனால இல்லை அத்தை" என்றாள். "டாக்டர் நிச்சயமாச் சொன்னாங்க. நீங்க போன் பண்ணினதால இல்லை. என் உடம்பு அப்ப அடங்கலை, அவ்வளவுதான். நானும் ரொம்ப நாள் தப்பாவே நெனச்சுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவளே அதை முழுசாக நம்பினாளா என்றால், முக்கால்வாசி நம்பினாள். மீதிக் கால்வாசிக்கு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அப்படியே குனிந்து சோபாவிலிருந்து போனை எடுத்தாள். வைஷாலியின் அம்மா பெயரைத் தேடி அழுத்தினாள். மறுமுனையில் குரல் கேட்டதும், "சின்னத்தை, அத்தை உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம், இருங்க" என்று சொல்லி மாமியாரின் காதில் வைத்தாள்.

உமாமகேஸ்வரி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். வைஷாலி நெற்றி எப்படியிருக்கு என்று கேட்டாள். அங்கே மழை உண்டா என்று கேட்டாள். கேட்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லாமல் போனதும் மருமகளை ஒரு தடவை பார்த்தாள், மிருதுளா தலையாட்டினாள். பிறகு அவள் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள்.